அருஞ்சுனை சட்டை போட்ட வாரம்

அருஞ்சுனை சட்டை போட்டுக்கொண்டு கடை திறந்தார் என்ற செய்தி, பால்காரர் அடுத்த தெருவுக்குப் போய்ச் சேர்வதற்குள் பரளச்சி ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

ஊரைக் குறை சொல்ல முடியாது. அறுபத்தேழு வயதிலும் வேட்டியோடு, திறந்த மார்போடு கல்லாவில் உட்காருவதை அவர் எளிமைக்காகச் செய்யவில்லை; அது விளம்பரம். அவர் விற்பது கம்பும் குதிரைவாலியும் கருப்பு உளுந்தும் வறுத்து அரைத்த சத்துமாவு. "இதைத் தின்னா என்ன ஆகும் அண்ணாச்சி?" என்று யாராவது கேட்டால் வாயால் பதில் வராது. மார்பில் இரண்டு தட்டு தட்டுவார். கொரோனாவில் ஊரே முகத்தை மூடிக்கொண்டபோது, இவர் மார்பைக்கூட மூடவில்லை.

இந்த மார்பை நம்பித்தான் வீரசோழன் ஊர் மொத்த வியாபாரி அமானுல்லா வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தார். மாவைப் பாக்கெட் போட்டு நாலு ஊருக்கு அனுப்ப அவர் தயார். பாக்கெட்டில் அருஞ்சுனையின் திறந்த மேனிப் படம் இருக்க வேண்டும். படம் இல்லையென்றால் பாக்கெட் இல்லை. அவர் அப்படிச் சொன்ன நாளிலிருந்து அருஞ்சுனை தினமும் கண்ணாடி முன் நின்று மூச்சை இழுத்துப் பிடித்துப் பழகிவந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை கண்ணாடியில் மார்போடு வேறொன்றும் தெரிந்தது. வலது மார்பில் தொடங்கி முதுகுவரை, பட்டையாகச் சிவந்த கொப்புளங்கள்.

"அக்கிங்க இது" என்றாள் மனைவி முத்துமாரியம்மாள். "எம்.ரெட்டியபட்டிக்குப் போயி கொப்புளத்து மேல காவி பூசி அக்கி எழுதிட்டு வந்துருவோம்."

"வெள்ளிக்கெழமைக்குள்ள காவி அழிஞ்சுருமா?"

"அதெப்படி அழியும்?"

"அப்ப வேணாம்."

இவ்வாறாக அருஞ்சுனை நவீன மருத்துவத்தை ஏற்றுக்கொண்டார். சட்டையை மாட்டி, ஊர் சந்தேகப்படக் கூடாதே என்று கொஞ்ச நேரம் கடையைத் திறந்துவைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார். அங்கே அவருடைய சிநேகிதர், விவசாயி தவசி நின்றுகொண்டிருந்தார்.

"ஏலே அருஞ்சுனை, யாரு வீட்டுல எழவு? சட்டையெல்லாம் போட்டுருக்க?"

"குளிருதுலே."

"சித்திரை வெயில்லயா? மாவைக் கூடத் தின்னுட்டியோ?"

அரசு ஆஸ்பத்திரி டாக்டர் பிருந்தா சட்டையைத் தூக்கிப் பார்த்த உடனே கேட்டார். "சின்ன வயசுல அம்மை போட்டிருந்துச்சா ஐயா?"

"அது யாருக்குத்தான் போடல டாக்டரம்மா."

"அதே கிருமிதான். அப்பவே போகாம நரம்புக்குள்ள ஒளிஞ்சு கெடந்துருக்கு. இத்தனை வருசமா ஒடம்போட காவல் அதை எந்திரிக்க விடல. வயசாக ஆகக் காவல் தளரும்."

"என் காவலா?"

"எல்லார் காவலும்தான். நெஞ்செலும்புக்குப் பின்னாடி ஒரு சுரப்பி இருக்கு. புதுக் காவல்காரங்களைப் பழக்குற எடம். அது எளவயசுலயே சுருங்க ஆரம்பிச்சு, இந்த வயசுல பெரும்பாலும் கொழுப்பாயிருக்கும். பழைய ஆளுகளை வச்சுத்தான் ஓட்டணும்."

அருஞ்சுனை தன் மார்பைக் குனிந்து பார்த்தார். ஊரே வியந்து பார்த்த மார்புக்குள் காவல்காரர் பள்ளிக்கூடத்தை எப்போதோ இழுத்து மூடியிருக்கிறார்கள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சத்துமாவு தின்னாலுமா?"

"மாவு நல்ல சாப்பாடு ஐயா, விடாமச் சாப்பிடுங்க. ஆனா அது வயசைத் திருப்பாது. சீக்கிரம் வந்தீங்க, மாத்திரை கேக்கும். கொப்புளம் ஒரு நரம்பு போற வழியிலதான் வரும். அநேகமா ஒரு பக்கத்தோட நின்னுரும்."

"இடது பக்கம் வராதா?" அருஞ்சுனையின் முகம் மலர்ந்தது. நோயின் இங்கிலீஷ் பெயரைக்கூடக் கேட்காமல் கிளம்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை அமானுல்லா செல்போனோடு வந்தார். அருஞ்சுனை இடது பக்கத்தைக் காட்டி நின்றுகொண்டு, வலது பக்கத்தில் கொப்புளம் மறையத் துண்டைப் போட்டார். அக்கி வந்த தோலில் துண்டு படுவது எப்படி இருக்கும் என்பதை டாக்டரம்மா சொல்லியிருக்கவில்லை. பல்லைக் கடித்தார். புருவம் நெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

"அடடா! என்ன கம்பீரம் அண்ணாச்சி! அப்படியே இருங்க!"

வேறு எப்படியும் இருக்க அவரால் முடியவில்லை.

"கீழ 'நோயே அண்டாது'ன்னு போட்டுருவோம்" என்றார் அமானுல்லா.

அருஞ்சுனை மார்பில் தட்டக் கையை ஓங்கினார். ஓங்கிய கை பாதியில் நின்றது.

"வேணாம் பாய். 'நல்ல சாப்பாடு'ன்னு போடுங்க. அது போதும்."

"இப்படி ஒடம்பை வச்சுக்கிட்டு இவ்வளவு அடக்கமா!" என்று உருகிப்போனார் அமானுல்லா. அந்த இடத்திலேயே வியாபாரம் முடிந்தது. அதைச் சொல்லும்போது அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது என்று வீரசோழனில் பார்த்தவரிடமெல்லாம் சொன்னாராம். கலங்கியது உண்மைதான். அமானுல்லாவின் பைக் தெருமுனை திரும்பி, முத்துமாரியம்மாள் ஓடிவந்து துண்டை எடுக்கும்வரை கலங்கிக்கொண்டேதான் இருந்தது.