லிப்டக்கா மண்டியிடுவதில்லை

மணி அடித்ததும் பதினைந்து பேர் மண்டியிடுகிறார்கள். லிப்டக்கா மட்டும் நிற்கிறார்.

அவருக்கு ஜோடியாக வாய்த்தவர் கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கிறார்.

"எந்திரி."

"அக்கா, மாஸ்டர் முட்டி போட்டுத்தானே ஆரம்பிக்கச் சொன்னாரு?"

"மாஸ்டர் சொல்லுவாரு. ரோட்ல எவனாவது முட்டி போட்டுக்கிட்டே வந்து உன்னைத் தள்ளுவானா? எந்திரி."

செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் காலை ஆறு மணிக்கு இந்த உரையாடல் சொல் மாறாமல் நடக்கிறது. இடம், இருபத்து நான்கடிக்குப் பதினெட்டடி அளவுள்ள ஒரு கூடம். தரை முழுவதும் நீல மெத்தை. கற்றுக்கொடுக்கப்படுவது பிரேசிலிய ஜியு-ஜிட்சு. எதிராளியைத் தரையில் வைத்து மூட்டை மடக்கியோ கழுத்தை நெருக்கியோ பணியவைக்கும் மல்யுத்தம் என்று புரிந்துகொண்டால் போதும். கூடத்தை நடத்துகிற மாஸ்டர் என் மருமகன். மணி அடிப்பதும் பதிவேடு எழுதுவதும் என் வேலை.

லிப்டக்காவுக்கு வயது நாற்பத்தாறு. உயரம் ஐந்தடி ஓரங்குலம். எடை, இந்த மாதம் முதல் தேதிக் கணக்குப்படி, ஐம்பத்தேழரை கிலோ. இருபத்தோரு ஆண்டுகளாக லிப்ட் மெக்கானிக். கட்டைவிரல் மடிப்பில் இருக்கும் கிரீஸ் கறை எந்தச் சோப்புக்கும் போவதில்லை. பயிற்சிக்கு முன் நகம் வெட்ட வேண்டும் என்பது விதி. அவர் கருவிப் பையைத் திறந்து, கம்பி வெட்டும் கட்டிங் பிளேயரால் பத்து நகங்களையும் நறுக்கிவிட்டு வருவார். லிப்டுகளை 'இவன்', 'அவன்' என்றுதான் சொல்வார். பொத்தானை மூன்று முறை அழுத்துகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "ஒரு தடவை அமுக்கினா அவனுக்குக் காது கேக்கும். அவன் என்ன செவிடா? இல்ல உங்க வீட்டு வேலைக்காரனா?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவார். மூடுகிற கதவுக்கு நடுவே குடையை நீட்டுகிறவர்களைப் பற்றி அவர் சொல்வதை இங்கே எழுத முடியாது.

கோபம் அவருக்குப் புதிதல்ல. ஆனால் இந்த ஆண்டு மார்ச் ஒன்பதாம் தேதிக்கு முன்பு அது ஆளுக்கு ஆள் மாறிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஒரே இடத்தில் நிலைகொண்டுவிட்டது.

அன்று காலை பத்தேகால் மணி. ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் லிப்ட் நின்றுபோயிருந்தது. லிப்டக்காவின் கூட்டாளி மெக்கானிக், ஐம்பத்து மூன்று வயதுக்காரர், இரண்டு பெண்களுக்குத் தகப்பன், லிப்டுக்கு அடியிலுள்ள பள்ளத்தில் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தார். தரைத்தளத்தில் மெயின் சுவிட்சுப் பெட்டிக்கு முன்னால் லிப்டக்கா காவல் நின்றார். பெட்டியின் பூட்டு உடைந்திருந்தது. மாற்றித் தரும்படி கட்டட நிர்வாகத்துக்கு அவர் மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்றுக்கும் நகல் வைத்திருக்கிறார். 'ஆள் வேலை செய்கிறார்' என்ற பலகை தொங்கியது.

ஏழாம் மாடிக்காரர் ஒருவர் கையில் இரண்டு பைகளுடன் வந்தார். இரண்டு மணி நேரமாக லிப்ட் இல்லையென்று கத்தினார். "சும்மா ஆஃப் பண்ணி வெச்சுக்கிட்டு நாடகம் ஆடுறீங்க. நான் போடுறேன் பாரு," என்று சுவிட்சை நோக்கி வந்தார். லிப்டக்கா குறுக்கே நின்றார். அவர் பைகளைக் கீழே வைத்துவிட்டு, இவரை நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார்.

லிப்டக்கா அவருடைய சட்டையை இரண்டு கையாலும் பிடித்தார். பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இந்த இடத்தில் ஒரு விளக்கம் தேவை. ஜியு-ஜிட்சுப் போட்டியில் எதிராளியை நின்றபடியே வீழ்த்தினால் இரண்டு புள்ளி. அதற்குப் பெயர் டேக்டவுன். அது தெரியாதவர் எதிராளியின் அங்கியைப் பற்றிக்கொண்டு தானாகவே உட்கார்ந்துவிடலாம். குற்றமில்லை. உட்கார்ந்து, கால்களால் வளைத்து, அவரையும் கீழே இழுத்துக்கொள்ளலாம். தரைக்கு வந்துவிட்டால் லிப்டக்காவைச் சமாளிக்கக்கூடியவர் எங்கள் கூடத்தில் இரண்டே பேர். எண்பது கிலோ ஆட்கள் அவர் பிடியில் மெத்தையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டதை எழுதி எழுதியே பதிவேட்டில் பக்கங்கள் நிறைந்திருக்கின்றன. ஆறாண்டுப் பழக்கம். தள்ளியவுடன் உடம்பு உட்கார்ந்துவிட்டது.

ஏழாம் மாடிக்காரர் போட்டிக்கு வந்தவர் அல்ல. அவர் கீழே வரவில்லை. சட்டையில் இரண்டு பொத்தான்கள் தெறித்தன; அவ்வளவுதான். பளிங்குத் தரையில் காலைத் தூக்கிக்கொண்டு கிடந்தவரைத் தாண்டிப் போய், சுவிட்சைப் போட்டார்.

பள்ளத்தில் இருந்தவர் இறங்கியதுமே அங்குள்ள சிவப்பு நிறுத்தப் பொத்தானை அழுத்தி வைத்திருந்தார். அதனால் லிப்ட் அசையவில்லை. அவர் ஏறி வந்து, "என்னம்மா, தலை சுத்துச்சா? காலைல சாப்பிடலையா?" என்று கேட்டுத் தண்ணீர் கொடுத்தார். லிப்டக்காவுக்கு இதுதான் பொறுக்கவில்லை.

"சார், அந்தாளு மேல போலீஸ்ல எழுதிக் கொடுத்துட்டேன். அதை அவங்க பாத்துக்கட்டும். எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான். நான் ஏன் உக்காந்தேன்? ஆறு வருஷம் விடியக் காத்தால எந்திரிச்சு வந்து நான் என்ன கத்துக்கிட்டேன்? உக்காரவா? என் மாமியார் எனக்கு அதைக் கல்யாணத்தன்னிக்கே சொல்லிக் கொடுத்துட்டாங்களே!"

இதைச் சொன்னது மார்ச் பதினொன்றாம் தேதி, என் மேஜை முன்னால் நின்றுகொண்டு. பிறகு கேட்டார்: "உங்க நோட்டுல இருக்குமே. எத்தனை தடவை நான் நின்னு ஆரம்பிச்சிருக்கேன்?"

பதிவேட்டில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வரி உண்டு. முட்டி போட்டு ஆரம்பித்தால் 'மு', நின்று ஆரம்பித்தால் 'நி'. எண்ணி முடிக்க இரண்டு பிற்பகல்கள் ஆயின. ஆறு ஆண்டுகள் நான்கு மாதங்களில் லிப்டக்கா பிடித்த சுற்றுகள் 2,613. நின்று ஆரம்பித்தவை 19. எல்லாம் போட்டிக்கு முந்தைய வாரங்களில். அவற்றில் அவராக உட்கார்ந்தது 17. எதிராளி அவரைச் சாய்த்தது 2. அவர் யாரையாவது சாய்த்தது இல்லை. தாளில் எழுதிக் கொடுத்தேன். அந்த இரண்டு பிற்பகல்களிலும் எனக்கும் ரத்தம் கொதித்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஆறாண்டுகளாக 'மு', 'மு' என்று வரிசையாக எழுதியது என் கைதான். ஏன் என்று ஒரு நாள்கூட நான் கேட்கவில்லை.

லிப்டக்கா தாளைக் கொண்டுபோய் மருமகன் கையில் கொடுத்தார்.

"மாமா, இதையெல்லாமா எண்ணுவாங்க?" என்று மருமகன் என்னைப் பார்த்தார்.

"அவரை ஏன் பாக்குறீங்க? என்னைப் பாருங்க."

"அக்கா, இடம் எங்க இருக்கு? எட்டு ஜோடியும் நின்னு புடிச்சா ஒருத்தர் மேல ஒருத்தர் விழுவாங்க. முட்டி போயிடும், தோள் போயிடும். அப்புறம் நம்ம விளையாட்டே தரையிலதானே?"

"தரைக்கு எப்படி மாஸ்டர் போறது? லிப்ட்லயா?"

அடுத்த சனிக்கிழமை அவர் அளவு நாடாவும் மஞ்சள் ஒட்டுநாடாவும் கொண்டுவந்தார். சுவரோரமாக இருந்த சோபாவையும் கோப்பை அலமாரியையும் தானே நகர்த்தி வெளியே வைத்தார். மெத்தையை மூன்று கட்டங்களாகப் பிரித்து ஒட்டினார். ஒரு நேரத்தில் மூன்று ஜோடிகள் நின்று பிடிக்கலாம். மீதிப் பத்துப் பேர் சுவரோடு ஒட்டி நின்று, யாராவது கோட்டைத் தாண்டி வந்தால் தாங்கிக்கொள்ள வேண்டும். எல்லாம் இருபது நிமிட வேலை. இடம் இல்லை என்று ஆறாண்டுகளாகச் சொல்லப்பட்ட கூடம் அது.

"இப்ப இடம் இருக்கு. சொல்லிக் குடுங்க," என்றார்.

மருமகன் சொல்லிக் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் என்றார். போட்டி முடியட்டும் என்றார். முதுகு பிடித்திருக்கிறது என்றார். லிப்டக்கா அவரையே பார்த்தார். பிறகு திரும்பி, மூலையில் இடுப்புப் பட்டையை முடிந்துகொண்டிருந்த மருந்துக்கடைக்காரரிடம் போனார்.

மருந்துக்கடைக்காரர் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. தொந்தி உண்டு. வெள்ளைப் பட்டை, அதாவது கடைசி வரிசை. ஆனால் கல்லூரியில் நான்கு ஆண்டுகள் ஜூடோ பழகியவர். ஒரு நாள் விளையாட்டாக ஒருவரை அவர் எறிந்ததை லிப்டக்கா கவனித்து வைத்திருந்தார்.

"நீங்க சொல்லிக் குடுங்க."

"ஐயோ அக்கா, நான் வெள்ளை. மாஸ்டர் கோவிச்சுக்குவாரு."

"பட்டை என்ன கலரா இருந்தா எனக்கென்ன? உங்க கடையில மாத்திரை வாங்கறப்ப கலர் பாத்தா வாங்கறேன்? அவரு கோவத்தை நான் பாத்துக்கறேன். என் கோவத்தை நீங்க பாத்ததில்லையே, பாக்கறீங்களா?"

மருந்துக்கடைக்காரர் அதைப் பார்க்க விரும்பவில்லை.

முதல் மூன்று வாரங்கள் அவர் விழ மட்டுமே கற்றுக்கொடுத்தார். முகவாயை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு, கையால் மெத்தையை அறைந்து விழ வேண்டும். லிப்டக்காவுக்கு அது ஒரு தண்டனை. "விழறதுதான் எனக்கு ஏற்கெனவே தெரியுமே!" என்பார்; தடால் என்று விழுவார். பிறகு ஒற்றைக்கால் பிடி. தலையை எதிராளியின் நெஞ்சில் முட்டுக்கொடுத்து, ஒரு முழங்காலை இரு கைகளாலும் வாரி எடுத்து, அவரை வட்டமாக நடக்க வைத்துச் சாய்ப்பது. உயரம் குறைந்தவர்களுக்கு உகந்தது. பாதி வழியில், காலை வாரும் நேரத்தில், லிப்டக்காவின் இடுப்பு தானாகக் கீழே இறங்கும். உட்காரப் பார்க்கும். அந்த நேரத்தில் அவர் தன் தொடையைத் தானே அறைந்துகொள்வார். "நில்லு. நில்லுடி. யாரு உன்னை உக்காரச் சொன்னது?" என்று காலோடு சண்டை போடுவார். கூடத்தில் முதலில் சிரித்தார்கள். நான்காம் வாரம் யாரும் சிரிக்கவில்லை.

காலை வேலைக்குப் போகுமிடங்களிலும் பயிற்சி உண்டு. லிப்ட் மோட்டார் அறையின் கைப்பிடிக் கம்பியில் பழைய அங்கியின் கையைக் கட்டி, அதை எதிராளியாக நினைத்துப் பிடித்து, காலை வாரப் பாய்வதுபோல் இருநூறு முறை உள்ளே புகுந்து புகுந்து வருவார். எண்ணிக்கையைச் சீட்டில் எழுதி என்னிடம் தருவார். ஒரு நாள் 197 என்று இருந்தது. மூன்று ஏன் குறைந்தது என்று கேட்டேன். "எட்டாவது மாடியில ஒருத்தி பொத்தானை அமுக்கிக்கிட்டே இருந்தா சார்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

உடம்பு முழுக்கக் கன்றிப்போனது. தோள் வலிக்காகப் போன இடத்தில் டாக்டரம்மா, கூட வந்த கணவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தி, "வீட்ல ஏதாவது பிரச்சினையாம்மா? பயப்படாம சொல்லுங்க," என்று கேட்டாராம். கணவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். மெல்லிய மனிதர். "அவரா? எறும்பை ஊதித் தள்ளிட்டு உக்கார்ற ஆளு சார். வெளிய நின்னு என் பையைப் புடிச்சுக்கிட்டிருந்தாரு, பாவம். எனக்கு வந்த கோவத்துக்கு அந்த டாக்டரம்மா காலைத்தான் வாரியிருப்பேன். அப்புறம் யோசிச்சா, அவங்க கேட்டது சரிதானே," என்றார். அவர் சரி என்று ஒருவரைச் சொல்லிக் கேட்டது எனக்கு நினைவில் அது ஒன்றுதான்.

ஒன்பதாவது வாரம் மருமகன் ஒரு காரியம் செய்தார். பட்டை வழங்கும் நாளன்று லிப்டக்காவைக் கூப்பிட்டு, ஊதாப் பட்டையை நீட்டினார். நீலத்துக்கு அடுத்தது ஊதா. பலர் அதை வாங்காமலேயே விட்டுப்போய்விடுகிறார்கள். எல்லோரும் கைதட்டினார்கள்.

லிப்டக்கா அதை வாங்கவில்லை. "நிக்கத் தெரியாதவளுக்கு இது எதுக்கு? வாயை அடைக்கவா?" என்றார். கைதட்டல் நின்றது. பட்டையை எடுத்து நான்காக மடித்து என் மேஜைமேல் வைத்தேன். இதை எழுதும்போதும் அது என் இழுப்பறையில்தான் இருக்கிறது. அவர் கேட்கவில்லை.

பதினோராவது வாரம், வியாழக்கிழமை, ஆறு நாற்பத்திரண்டுக்கு மருந்துக்கடைக்காரர் விழுந்தார். ஒற்றைக்கால் பிடியில், தொந்தியோடு, சுத்தமாக, முதுகில். அதற்குள் லிப்டக்கா விழுந்த எண்ணிக்கை 412. விழுந்தவர் படுத்தபடியே சிரித்துக் கைதட்டினார். லிப்டக்கா சிரிக்கவில்லை. "நீங்க விட்டுக் குடுத்தீங்களா?" என்று கேட்டார். "சத்தியமா இல்லக்கா." "இன்னொரு தடவை." மறுபடியும் விழுந்தார். அதன் பிறகு வேறு இரண்டு பேரும் விழுந்தார்கள்.

சென்ற சனிக்கிழமை நான் மணி அடித்தேன். லிப்டக்காவின் முறைக்கு மருமகனே ஜோடியாக வந்தார். வந்ததும் வழக்கம்போல் முட்டி போட்டார்.

"மாஸ்டர், எந்திரிங்க."

பதிவேட்டில் மருமகனின் வரிகளையும் நான் ஏற்கெனவே எண்ணியிருந்தேன். ஆறு ஆண்டுகளில் மாணவர் ஒருவரோடும் அவர் நின்று பிடித்ததில்லை. இடம் இல்லாததற்கும், முதுகு பிடித்ததற்கும், அடுத்த வாரத்துக்கும் காரணம் அந்தப் பக்கங்களில் இருந்தது. அவருக்கு அவருடைய மாஸ்டரும் இதைக் கற்றுக்கொடுக்கவில்லை. தெரியாது என்ற ஒரு சொல்லைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அந்த ஒரு சொல்லைச் சொல்லாததால் ஒரு மனிதர் பள்ளத்தில் நசுங்கியிருப்பார்.

மருமகன் எழுந்தார். லிப்டக்கா உள்ளே புகுந்து காலைத் தொட்டதுதான். மருமகன் லிப்டக்காவின் அங்கியைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் பார்த்தார்கள். தரைக்குப் போனால் லிப்டக்காவுக்குப் பிடித்தமான ஆட்டம். அவர் போகவில்லை. குனிந்து, இரண்டு சட்டைக் கையையும் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்.

மறுபடியும் புகுந்தார். மருமகன் மறுபடியும் உட்கார்ந்தார். முகம் சிவந்திருந்தது.

"எனக்கு வரலக்கா," என்றார், மிகவும் மெதுவாக.

"அதை ஆறு வருஷத்துக்கு முன்னாடி சொல்லியிருக்கணும். எந்திரிங்க. இன்னிக்கு நின்னு விழுவீங்க."

தூக்கி நிறுத்தினார். கோபத்தில் லிப்டக்காவின் மூக்கு விடைத்திருந்தது. இடது கையால் மருமகனின் முதுகைத் தட்டி நிமிர்த்தினார். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்த அவருடைய கால்களைக் கீழே பார்த்தார். தன் பாதத்தால் அவருடைய வலது பாதத்தை ஒரு சாண் தள்ளி, நிற்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டு, காலரைப் பிடித்தார்.