பிறந்தநாள் பேனருக்குப் பின்னால்

என் மகளின் இருமலில் கரி எவ்வளவு, பூஞ்சை எவ்வளவு? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் இருப்பது திருவொற்றியூரில், எண்ணூர் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளின் கரி வந்து படியும் தூரத்தில். எங்கள் வீட்டில் யாரும் நிலவறை கட்டவில்லை. அது தானாக அமைந்தது. மாமனார் வீடு கட்டியபோது தெருவிலிருந்து படியேறித்தான் உள்ளே வர வேண்டுமாம். பிறகு சாலை போட்ட ஒவ்வொரு முறையும் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டார்கள். சாலை உயர்ந்தது, வீடு அங்கேயே நின்றது. நான் மணமாகி வந்த அன்று வலது காலை எடுத்து வைத்து உள்ளே இறங்கினேன். முன்னறை ஜன்னலில் தெருவில் போகிறவர்களின் முழங்கால் தெரியும். அக்கம்பக்கத்தாரைச் செருப்பை வைத்துத்தான் அடையாளம் தெரிந்துகொண்டேன்.

அந்த அறையில்தான் படுக்கிறோம். மழைக்காலத்தில் சுவரின் கீழ்ப்பாதி ஊறிவிடும். வெயில் காலத்திலும் முழுதாகக் காயாது. அதில் கறுப்புப் புள்ளிகள் வந்தன. மகளுக்கு இருமல் வந்தது. எது முதலில் வந்தது என்று நான் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும்.

ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். கறுப்பாக வந்தது. எங்கள் பகுதியில் எதைத் துடைத்தாலும் கறுப்பாகத்தான் வரும் என்பதால் அதில் ஒன்றும் தெரியவில்லை.

“இன்னாம்மா, சொவுத்தாண்ட குந்திகினு இன்னா தேடற?” என்று மாமியார் கேட்டார்.

“பூஞ்சை மாதிரி இருக்கு அத்தை.”

“கரிம்மா அது. எண்ணூர் காத்து நம்ம வூட்டுக்கு மட்டும் வெள்ளையாவா வரும்? எம்புள்ள இதே வூட்லதான் வளந்தான். அவனுக்கு இன்னா கொறச்சல்?”

என் கணவருக்கு ஆண்டு முழுவதும் தும்மல். அத்தை அதைக் குறைச்சலில் சேர்ப்பதில்லை.

கணவர் பிரச்சினையைத் தீர்த்துவைத்தார். மகளின் முதல் பிறந்தநாளுக்குத் தெருமுனையில் கட்டிய ஃப்ளெக்ஸ் பேனர் பரணில் சுருட்டிக் கிடந்தது. எங்கள் தெருவில் பேனரை யாரும் எறிவதில்லை. விழா முடிந்ததும் அது ஆட்டோவை மூடும், கூரை ஒழுகலை அடைக்கும். அவர் அதைச் சுவரில் வைத்து ஆணி அடித்தார்.

“புள்ள மூஞ்சப் பாத்துகினே தூங்கலாம், பாரு” என்றார்.

புள்ளிகள் மறைந்தன. கிரீடம் வைத்த என் மகள் சுவரளவு சிரித்தாள். தினமும் தூங்குமுன் அவளே போய் “பாப்பா” என்று அந்தக் கன்னத்தில் முத்தம் கொடுப்பாள். கண்ணில் படாத சுவரைப் பற்றிக் கவலைப்படுவது கடினம். நான் விடாமல் முயன்றேன்.

இருமல் நிற்கவில்லை. ஒரு நாள் அவள் முத்தமிடும் இடத்தில் பேனர் உப்பியிருந்தது. ஓரத்தைத் தூக்கினேன். நனைந்த சாக்கின் நாற்றம். சுவர் முழுக்கச் சாம்பல் நிறத்தில் மெல்லிய ரோமம்.

அத்தை வந்து குனிந்து பார்த்தார்.

“கரிக்கு முடி மொளச்சிகீது” என்றார். பிறகு, “நீ புள்ளய மொதல்ல வெளிய இட்டுகினு போ” என்று சொல்லிவிட்டுத் தன் கையாலேயே ஆணிகளைப் பிடுங்கினார். தன் முகம் சுருட்டப்படுவதைப் பார்த்து மகள் அழுதாள்.

மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஈரம் ஆகாதும்மா. ஜன்னலைத் திறந்து வைங்க.”

“திறந்தா கரி வருது டாக்டர்.”

“அப்ப மூடி வைங்க.”

“மூடினா ஈரம் காய மாட்டேங்குது.”

அவர் இருமல் மருந்து எழுதினார்.

தரையை உயர்த்தலாம் என்று ஒரு யோசனை வந்தது. உயர்த்தினால் கணவரின் தலை மின்விசிறியில் படும். அதனால் சுவரைத் தேய்த்துக் கழுவினோம், கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தினோம். ஜன்னலைத் திறந்து வைத்தால் காலையில் தலையணையில் அவள் தலை இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. மூடினால் சுவர் மறுபடியும் புள்ளி வைக்கிறது. அத்தை திற என்கிறார், கணவர் மூடு என்கிறார். நான் இருவர் சொல்லையும் கேட்கிறேன். அவள் இரண்டு விதத்திலும் இருமுகிறாள்.

சாலைக்குக் கீழே போய்விட்ட வீட்டில், புகைபோக்கிகளுக்குப் பக்கத்தில் பிள்ளை வளர்ப்பவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள். ஜன்னலை எந்த வேளையில் திறக்கிறீர்கள், எப்போது மூடுகிறீர்கள்? சுவரில் என்ன பூசினீர்கள், அது ஒரு மழைக்காவது நின்றதா? யாருடைய குழந்தைக்கு இருமல் நின்றதோ, அவர்கள் முதலில் எழுதுங்கள்.