அராவி எடுத்த இலக்கம்

இந்த ஊர் வெள்ளைக்காரரான என் மாமனார் செத்த பிறகு அவருடைய எல்க் மான் வேட்டைத் துவக்கை விலை பார்க்க லில்லெஸ்ட்ரோமில் ஒரு துவக்குக் கடைக்குக் கொண்டுபோனேன். உலகப் போரில் தோற்ற ஜெர்மன்காரர் இந்த நாட்டில் விட்டுப்போன பட்டாளத் துவக்கு, பிறகு வேட்டைக்கு மாற்றியது என்றார் கடைக்காரர். அதைக் கழற்றிப் பார்த்தார். "எல்லாப் பாகத்திலும் ஒரே இலக்கம், அழியாமல் இருக்கிறது. நல்ல விலை போகும்." எண்ணெயும் இரும்பும் கலந்த வாசம் முகத்தில் அடித்தது.

மன்னாரில் என்னைப் பெற்ற ஐயாவிடம் பன்றி விரட்ட ஒரு லைசென்ஸ் துவக்கு இருந்தது. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அதற்குத் தேங்காயெண்ணெய் பூசுவார். இயக்கப் பெடியள் சண்டைக்கென்று வீடு வீடாகத் துவக்குப் பறித்த காலம்.

"அவங்கள் கொண்டுபோய்ச் சுட்டால் உங்கட நம்பர்தான் பிடிபடும். அராவிப் போடுங்கோ" என்றா அம்மா.

"பன்றிக்கே பயப்பிடாத மனுசி, நம்பருக்குப் பயப்பிடுறாய்" என்று ஐயா சிரித்தார். ஆனாலும் அராவினார். நான்தான் பிடியை அழுத்திப் பிடித்தேன். இரும்புத்தூள் எண்ணெயில் கறுப்பாக ஊறியது.

பெடியள் வரவேயில்லை. வீட்டைச் சோதிக்க ஆமி வந்தது. ஐயா லைசென்ஸை நீட்டினார்.

"இதிலை நம்பர் இருக்கு. துவக்கிலை எங்கை?" என்று ஒருவன் அரைகுறைத் தமிழில் கேட்டான். ஐயாவை ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனாங்கள். முகாம் முகாமாக அலைந்தோம். அப்படி ஒருவரைப் பிடிக்கவேயில்லை என்றாங்கள், பொய்க்காரப் பயல்கள்.

"விற்கிறீர்களா?" என்றார் கடைக்காரர். ஓம் என்று தலையாட்டினேன்.

ஹொல்ம்லியாவில் எங்கள் வீட்டில் அம்மா காத்திருக்கிறா. என்ன விலை என்று கேட்பா. இலக்கம் அழியாததால் நல்ல விலை என்று அவவிடம் எந்த வாயால் சொல்ல?