ஒற்றை அறைக் கோடை

“தம்பி, ஃபான் இருக்கோ?”

“பாண் இருக்குதானே அக்கா. வெட்டினதோ, வெட்டாததோ?”

இந்த மாதத் தொடக்கத்தில், லண்டனின் ஹரோ பகுதியில் நான் வழக்கமாகப் போகும் தமிழ்க் கடையில் நடந்த உரையாடல் இது. வெளியே முப்பத்திரண்டு பாகை. நான் கேட்டது ரொட்டியை அல்ல, மின்விசிறியை என்று விரலை உயர்த்திச் சுற்றிக் காட்டினேன். கடைக்காரர் என் விரலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

“ஓ… காத்துக்கோ! அது விடியவே முடிஞ்சுது அக்கா. கடைசி ஒண்டை ஒரு வெள்ளைக்கார அம்மா கைக்குழந்தை மாதிரி அணைச்சுக்கொண்டு போனவ. பாண் வேணுமெண்டா இப்பவே கொண்டு போங்கோ. இந்த வெயிலுக்கு வீட்டை போக முதல் டோஸ்ட் ஆகியிடும்.”

“எனக்கில்லைத் தம்பி. இவர் மஸ்கட்டிலை இருந்து லீவிலை வந்து நிக்கிறார்.”

“மஸ்கட்டோ! அங்கத்தைய வெயிலிலை நிண்டவருக்கு இது குளிரெல்லோ அக்கா?”

அவர் சொன்னது முழு உண்மை. ஹரோவே வாய் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அந்த வாரத்தில் என் கணவர் முழுக்கைச் சட்டையோடு உலாவினார். ரயிலில் எல்லோரும் பத்திரிகையால் விசிறிக்கொண்டிருக்க, “ஜன்னலைச் சாத்துவமோ?” என்று என்னிடம் மெல்லக் கேட்டார். அவருக்குத் தேவைப்பட்டது காற்று அல்ல — சத்தம்.

இருபது வருடங்களாக ஏசியின் இரைச்சலுக்குள் உறங்கிப் பழகியவர். லண்டன் வீட்டின் நிசப்தம் அவருக்கு ஒத்துவரவில்லை. வந்த நாள் முதல் புரண்டு புரண்டு படுத்தார். “இஞ்சை வீடு மூச்சே விடுகுதில்லை” என்றார்.

இதைச் சொன்னதும் கடைக்காரரின் சிரிப்பு நின்றுவிட்டது. கல்லாவுக்குப் பின்னால் சுழன்றுகொண்டிருந்த தன்னுடைய ஃபானின் வயரைக் கழற்றி, அதை அப்படியே தூக்கி என் கையில் தந்தார். “கொண்டு போங்கோ அக்கா. நான் பிரீசருக்குப் பக்கத்திலை நிப்பன்.”

நான் இங்கே வருவதற்கு முன் ஓமானில் வாழ்ந்தவள் என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். அங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையொன்றில் என் கணவர் பொறியியலாளர். மகள் பிறந்ததும் அங்கேதான். அவளுடைய படிப்புக்காக நாங்கள் இருவரும் லண்டனுக்கு வந்தோம். அவர் வேலைக்காக அங்கேயே தங்கினார்.

மே மாதம் பிறந்துவிட்டால் அங்கே காரின் ஸ்டியரிங்கைத் துவாயால் சுற்றித்தான் பிடிக்க வேண்டும். கூரைத் தொட்டியில் தண்ணீர் கொதித்துக் கிடக்கும். ஆகவே ஹீட்டரை அணைத்துவிடுவோம்; வீட்டுக்குள் இருக்கும் அதன் தொட்டியில் நீர் மெல்ல ஆறிக் கிடக்கும். சிவப்புக் குழாயைத் திறந்தால் குளிர்ந்த நீர், நீலக் குழாயைத் திறந்தால் சுடுநீர்! என் மகள் உலகத்தை அப்படித்தான் படித்துவைத்திருந்தாள். லண்டனுக்கு வந்த முதல் வாரமே விரலைச் சுட்டுக்கொண்டாள்.

எங்கள் மஸ்கட் வீட்டில் ஏசி ஒழுங்காக வேலை செய்தது ஓர் அறையில் மட்டும். கோடை முழுவதும் குடும்பம் அந்த ஒன்றுக்குள்தான். வெங்காயம் உரிப்பதும் அங்கே, இஸ்திரி போடுவதும் அங்கே. வீட்டுப்பாடம், வானொலி, சண்டை எல்லாமே அங்கேதான். கோபித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்ப் பாருங்கள்… சற்று நேரத்தில் வியர்த்து ஒழுகி, சமாதானமாகித் திரும்பி வருவீர்கள். எத்தனை பிணக்குகளை அந்த வெயில் தீர்த்துவைத்தது!

குளிர்நாட்டில் வீடு விரிந்துவிடுகிறது. அறைக்கொரு ரேடியேட்டர், ஆளுக்கொரு கதவு. ‘அந்த நெருப்புக்குள் எதை விட்டுவிட்டு வந்தீர்கள், இப்படி ஏங்குவதற்கு?’ என்று சிநேகிதிகள் கேட்கிறார்கள். என்ன சொல்ல? வேறு எங்கும் போக முடியாதபடி மூன்று பேர் ஒன்றாக இருந்ததை விட்டுவிட்டு வந்தேன்.

இந்த விடுமுறையில் ஒரு கேள்வியும் அவரோடு கூடவே வந்திருந்தது. நிறுவனம் இன்னும் மூன்று வருடங்களுக்கு ஒப்பந்தம் தரத் தயாராக இருந்தது. திரும்பிப் போவதற்கு முன் பதில் சொல்ல வேண்டும். அவருடைய உடுப்புகள் சூட்கேசிலேயே மடித்தபடி இருந்தன. நான் அலுமாரியில் பாதியை ஒதுக்கி வைத்தேனே தவிர, ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் அல்லவா?

ஃபான் வந்த அன்று, சாப்பாடு முடிந்து, வெளிச்சம் இன்னும் மங்காத நேரம். மகள் தலையணையோடு எங்கள் அறைக்கு வந்தாள். “அம்மா, என்ட ரூம் ஓவன் மாதிரி இருக்கு” என்று நிலத்தில் விரித்துப் படுத்தாள். வயது பதினாறு. எங்கள் அறைக்குள் அவள் காரணமில்லாமல் வந்து எவ்வளவு காலம்! ஃபான் இரைந்தது. நான் கட்டிலில் அமர்ந்து துணி மடித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்பா, திரும்பப் போறீங்களா?”

நான் விழுங்கிவைத்திருந்ததை அவள் சர்வசாதாரணமாகக் கேட்டுவிட்டாள்.

“வெயில் முடியட்டும், பாப்பம்” என்றார்.

வளைகுடாவில் வாழ்ந்தவர்களுக்கு இது ஒரு மந்திரம். வீடு மாறுவதா? பல் வைத்தியரிடம் போவதா? வெயில் முடியட்டும். ‘இந்த வெயில் முடிய வந்திடுறன்’ என்று வருடாவருடம் தொலைபேசியில் எனக்கும் சொன்னவர்தான். பாலைவனத்தில் ஒரு வெயிலுக்கும் அடுத்த வெயிலுக்கும் இடையில் யாருக்கும் எதற்கும் நேரம் கிடைப்பதில்லை.

மகள் எழுந்து உட்கார்ந்தாள். “அப்பா, திஸ் இஸ் லண்டன். வெயில் வியாழக்கிழமையோட முடியுதாம். டீவீயில சொன்னவை.”

அவர் சிரிக்கவில்லை. ஃபான் தலையைத் திருப்பி எங்கள் மூவரையும் ஒரு சுற்றுப் பார்த்தது.

வியாழன் காலை மழை. சொன்னது தவறாமல் லண்டனில் நடப்பது இது ஒன்றுதான்! அவர் பின்கதவைத் திறந்து வெளியே கையை நீட்டியபடி நெடுநேரம் நின்றார். பிறகு உள்ளே போய்த் தொலைபேசியை எடுத்தார்.

நான் சமையலறையில் பருப்புக் கழுவினேன். கழுவிய பருப்பையே மறுபடியும் கழுவினேன். “யெஸ் சார்… நோ சார்… தாங்க் யூ சார்… நோ, நோ சார்.” எந்த ‘நோ’ எதற்கு என்று எனக்கு எப்படித் தெரியும்?

வந்து வாசலில் நின்றார்.

“இஞ்சாரும்… வேலையை இன்னொருத்தரிட்டைப் பாரம் குடுக்கோணும். ஒக்டோபர் முடியும் மட்டும் நிக்கச் சொல்லுகினம். அதுக்குப் பிறகு ஏலாது எண்டிட்டன்.”

“அதுக்குப் பிறகு?”

“என்ன கேள்வி இது? அலுமாரியை ஒதுக்கி வைச்சிட்டு ஒண்டும் தெரியாத மாதிரி நிக்கிறீர்!”

பருப்பில் அன்று கொஞ்சம் உப்புக் கூடிவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை.

போன ஞாயிறு அவரை விமானம் ஏற்றிவிட்டு வந்தோம். அங்கே இப்போது நாற்பத்தாறு பாகையாம். அந்த ஒற்றை அறைக்குள் ஒற்றை ஆள். மகள் தன் அறைக்குப் போய்விட்டாள், நான் என் அறையில். நடுவில் இரண்டு கதவுகள்.

மறுநாள் வேலை முடிந்து வரும் வழியில் அவருடைய அளவில் ஒரு கம்பளிக் கோட்டு வாங்கினேன். ஜூலை மாதத்தில் அதைக் கிடங்கின் உள்ளிருந்து தேடி எடுக்க வேண்டியிருந்தது. எங்காவது குளிர்ப் பிரதேசத்துக்குப் பயணமா என்று விற்பனைப் பெண் கேட்டாள்.

இல்லை, ஒருவர் வருகிறார் என்றேன்.