ஏரிக்கோடியில் ஒரு தூண்டில்

புண்ணாக்கை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தவுடன் மெஹ்ஜபீனின் முகம் கோணியது. "பூசணம்" என்று ஒரே சொல்லில் தீர்ப்பெழுதி அதை அப்படியே ஏரிக்குள் வீசினார். அடுத்த பொட்டலம் தேறியது. அதை ஊறவைத்த பன்னோடு சேர்த்து, கொழுக்கட்டை மாவு பிசைவதுபோல் உள்ளங்கையால் அழுத்திப் பிசைந்து நெல்லிக்காயளவு உருட்டிவைத்தார். புண்ணாக்கு கீழ்பென்னாத்தூர் எண்ணெய் மில்லுடையது, பன் வேங்கிக்கால் பேக்கரியுடையது. இதில் ஒன்று குறைந்தாலும் கட்லா மீன் திரும்பிக்கூடப் பார்க்காது என்பது அவர் கட்சி.

வயது நாற்பத்தைந்து இருக்கும். முக்காட்டுக்கு மேல், வேன் ஓட்டும் கணவர் மதார் சாகிப்பின் பழைய காக்கித் தொப்பி. தேய்ந்துபோன ரப்பர் செருப்பு ஒன்றில் தூண்டில் முட்களை வரிசையாகக் குத்தி வைத்திருக்கிறார். பக்கத்திலேயே கோணியில் சுற்றிய அரிவாள்மணை. சனி ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் தூண்டில் போட வருபவர்களுக்கு இரை விற்பார், மூங்கில் தூண்டிலை வாடகைக்குத் தருவார், அவர்கள் பிடித்த மீனை அங்கேயே ஆய்ந்தும் கொடுப்பார். அவர்களுடைய வெளிநாட்டு ராட்டினத் தூண்டிலை மட்டும் வாங்கி ஒருமுறை சுற்றிப் பார்க்காமல் விடமாட்டார். தக்கை தண்ணீரில் கிடக்கும்போது யார் என்ன கேட்டாலும் பதில் வராது. நாக்கை ஒருமுறை சொடுக்குவார், அவ்வளவுதான்.

அந்த ஏரியின் கீழ்க்கரைக்குக் கீழ்பென்னாத்தூர்க்காரர்கள் உரிமை கொண்டாடுகிறார்கள், மேற்கரைக்கு வேங்கிக்கால்காரர்கள். பௌர்ணமி கிரிவலம் முடிந்தால் திருவண்ணாமலை லாட்ஜுகள் காற்றாடுகின்றன; அந்த நாட்களுக்கு மீன்பிடிச் சுற்றுலா என்று முதலில் யோசித்தவர் லாட்ஜ் வைத்திருக்கும் சக்கரபாணி, வேங்கிக்கால் கமிட்டியின் செயலாளர். ஏரி என்ன அவன் அப்பன் வீட்டுச் சொத்தா என்று எதிர்க்கமிட்டி போட்டார் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மண்டி வைத்திருக்கும் அப்பாதுரை. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கொண்டாட்டமெல்லாம் பிளெக்ஸ் அடிக்கிற கடைக்காரருக்கு. போன வருஷம் ஆளுக்கொரு போட்டி வைத்து இரண்டிலும் ஈயோட்டிய பிறகுதான் புத்தி வந்தது. இந்தத் தை மாதம் ஒரே போட்டி. வெளியூர்க்காரர்களுக்குத் தனிப் பரிசு. உள்ளூர்க்காரர்கள் அவரவர் ஊர்க்கரையில் உட்கார வேண்டும். மிகப் பெரிய மீன் எந்தக் கரையில் விழுகிறதோ, அடுத்த வருஷப் போட்டியை அந்த ஊர் நடத்தும்.

மெஹ்ஜபீனுக்கு ஒரே ஒரு ஆசை. மைக்கில் தன் பெயரைக் கூப்பிட வேண்டும், தானும் எழுந்து போய் ஒரு கரையில் உட்கார வேண்டும். அந்தத் தண்ணீரில் இத்தனை வருஷம் தூண்டில் போட்டவருக்கு இது பேராசை ஒன்றுமில்லை.

பிறந்த ஊராயிற்றே என்று கீழ்பென்னாத்தூர் அப்பாதுரையிடம் போய்ப் பெயர் கொடுத்தார். கட்டிக்கொடுத்த பெண் புகுந்த ஊருக்குத்தான் சொந்தம், வேங்கிக்காலில் போய்க் கேளம்மா என்றார் அவர். வேங்கிக்காலுக்குப் போனார். நீ கீழ்பென்னாத்தூர்ப் பெண், நாளைக்கு ஜெயித்தால் அவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்றார் சக்கரபாணி. கடைசியில் இரண்டு பேரும் கூடிப் பேசி, அதிசயமாக ஒரே முடிவுக்கு வந்தார்கள். வெளியூர்ப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

அன்றைக்குத்தான் மெஹ்ஜபீன் குரல் உயர்ந்தது. "பொறந்த ஊரும் இதே ரோட்ல, வாக்கப்பட்ட ஊரும் இதே ரோட்ல. நடுவுல இருக்கிற ஏரிக்கு நான் வெளியூரா? இன்னா நியாயம் சார் இது?"

நியாயம் கேட்டவருக்குப் பழமொழி கிடைத்தது. ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் வைத்தால் இப்படித்தான் என்று சக்கரபாணி சிரித்தார். கணவரும் வீட்டில் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார்: வெளியூர் என்றே போட்டுக்கொள், மீனுக்கு ஊர் தெரியுமா? மெஹ்ஜபீன் அவருக்குச் சோறு போட்டார், குழம்பு ஊற்றினார். பட்டியலில் மட்டும் சேரவில்லை.

இரையை மட்டும் போட்டிக்கு முந்தின நாள் இரண்டு ஊர்க்காரர்களுக்கும் விற்றார். கொடுக்காதே என்று ஏற்றிவிட்டவர்களிடம், "தொழில் வேற, ரோஷம் வேற" என்றார். உருண்டையில் ஒரு பிடி புண்ணாக்கு கம்மியாக்கக்கூட அவருக்கு மனம் வரவில்லை. எனக்கென்றால் வந்திருக்கும்.

போட்டி நாள் காலையில் இரு கரையிலும் தோரணம், தொப்பி, மைக். ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து போகும் கல்சுவரைக் கோடி என்பார்கள். கீழ்க்கரை முடிந்து மேற்கரை தொடங்குமுன் இருக்கிற அந்தக் கோடியின் நட்டநடுவில் காக்கித் தொப்பியோடு வந்து உட்கார்ந்தார் மெஹ்ஜபீன். சக்கரபாணி மைக்கை விட்டுவிட்டு ஓடிவந்தார்.

"இங்கல்லாம் உக்காரக் கூடாதும்மா."

"இது எந்த ஊரு கரை சார்?"

சக்கரபாணி இந்தக் கரையையும் அந்தக் கரையையும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கோடியை இரண்டு கமிட்டியுமே கணக்கில் சேர்க்க மறந்திருந்தன.

"ஆத்துலயும் இல்ல, சேத்துலயும் இல்ல. ரெண்டு காலும் கல்லு மேலதான் வெச்சிருக்கேன். நீங்க போயி போட்டிய பாருங்க."

வெயில் ஏறியது. இரு கரையிலும் ஜிலேபி மீனும் பொடிக்கெண்டையுமாக விழுந்துகொண்டிருந்தன. பள்ளிவாசலிலிருந்து மதிய பாங்கு கேட்கும் நேரத்துக்கு மெஹ்ஜபீனின் தக்கை ஒருமுறை தலையாட்டிவிட்டுக் காணாமல் போனது. மூங்கில் வில்லாக வளைந்தது. அவர் எழுந்து நின்று, விட்டுக் கொடுத்து, இழுத்து, மறுபடி விட்டுக் கொடுத்து, கடைசியில் முழங்காலளவு தண்ணீரில் இறங்கி இரு கையாலும் அணைத்துத் தூக்கிவந்தார். கட்லா. பால்குடி மறந்த பிள்ளையின் கனம். அன்று அந்த ஏரியில் அதற்குப் பக்கத்தில் வைக்க வேறு மீன் இல்லை என்பது தூரத்தில் நின்றவர்களுக்கே தெரிந்தது.

இரு பக்கமிருந்தும் தராசோடு ஓடிவந்தார்கள். "எங்க ஊர்ல பொறந்த பொண்ணு" என்று அப்பாதுரை மூச்சிரைக்கச் சொன்னார். எங்கள் ஊர் மருமகள் என்று சக்கரபாணி போட்டோக்காரரை முன்னால் தள்ளினார். மைக்கில் அவருடைய பெயர் முழங்கியது. ஒரு கரையில் அல்ல, இரண்டு கரையிலும், மாற்றி மாற்றி. அவர் ஆசைப்பட்ட அதே பெயர்.

மெஹ்ஜபீன் ஒரு நிமிஷம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். கண் கலங்கியதா, வெயிலா, தெரியவில்லை. பிறகு கல்லின்மேல் உட்கார்ந்து கோணியைப் பிரித்தார். அரிவாள்மணையைக் காலால் மிதித்துக்கொண்டார்.

"அய்யோ, எடை போட்டுக்கலாம்மா முதல்ல" என்று பதறினார் அப்பாதுரை.

"பேரு குடுக்காதவ புடிச்ச மீனு இது, அண்ணா. உங்க தராசுல ஏறாது."

ஒரே அழுத்து. தலை தனியாகக் கல்லில் விழுந்தது. உடலைத் திருப்பி வைத்து, வாலைப் பிடித்துக்கொண்டு செதில் சீவ ஆரம்பித்தார். தெறித்த செதில்கள் இரண்டு கமிட்டிக்காரர்களின் வெள்ளைச் சட்டையிலும் ஒட்டிக்கொண்டன. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. யாரோ ஏதோ கேட்டார்கள். நாக்கை ஒருமுறை சொடுக்கினார்.