மினி பஸ் டிரைவர் செல்லையாவின் வலது கை

டிரைவர் செல்லையா போய்விட்டார். இன்று காலை, நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே...

வரிசை போட்டுக்கொள்ளாமல் எனக்கு எதையும் எழுத வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. செல்லையாவை எனக்கு எப்படித் தெரியும்.
2. பஸ் ஸ்டாண்டு வாசலில் நடந்த அடிதடி.
3. இரண்டு தரப்புக்கும் பொதுவாக நின்று நான் செய்துவைத்த சமாதானம்.

பனவடலிசத்திரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். காலையில் சங்கரன்கோவிலிலிருந்து செல்லையா ஓட்டிய மினி பஸ்ஸில் போவேன். சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் திரும்புவேன்.

டிரைவருக்குப் பின்னால் உள்ள முதல் சீட்டில் எனக்காகத் துண்டு போட்டு வைத்திருப்பார். வேறு யாராவது உட்காரப் போனால், "ஏலே, அது சார்வாள் சீட்டு. ஒக்காந்தா கணக்குக் கேப்பாரு, சொல்லுவியா?" என்பார்.

பிறகு அந்த அடிதடி...

மினி பஸ் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் ஷேர் ஆட்டோக்கள் வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போகின்றன என்று பல நாள் புகைச்சல். அன்று எங்கள் கண்டக்டர் ஓர் ஆட்டோவின் முன்கண்ணாடியைக் கல்லால் உடைத்துவிட்டார்.

அவரை இழுத்துப் பிடிக்கத்தான் செல்லையா இறங்கினார். "விடுலே, விடுலே" என்று சொல்லிக்கொண்டே. ஆட்டோக்காரர் ஒருவர் வீசிய வீல் ஸ்பானர் செல்லையாவின் வலது மணிக்கட்டில் விழுந்தது.

நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கவில்லை.

இரண்டு பக்கமும் போலீஸில் புகார் கொடுத்தார்கள். கடைசியில் பேசி முடித்துக்கொள்வது என்று முடிவானபோது, இரண்டு பக்கமும் சொன்ன ஒரே பெயர் என்னுடையது. காலையில் அந்த வண்டி, சாயங்காலம் இந்த வண்டி. வேறு தகுதி ஒன்றும் எனக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் கூடினார்கள். வாசலில் தெருக்கோடி வரை ஆட்டோக்கள் நின்றன.

மினி பஸ் கிளம்புவதற்குப் பத்து நிமிஷம் முன்பிருந்து பஸ் ஸ்டாண்டு வாசலில் ஆட்டோ ஆள் ஏற்றாது என்று பேசி முடிவானது. இரண்டு புகாரும் வாபஸ்.

சமாதானத்தை எழுதி இரு தரப்பிலும் கையெழுத்து வாங்க எடுத்த தாளின் நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம் 'ஆட்டோ கண்ணாடி உடைந்தது' என்று எழுதினேன். வலப்பக்கம் 'செல்லையாவின் வலது மணிக்கட்டு முறிந்தது'.

ஆட்டோ ஸ்டாண்டு தலைவர் எட்டிப் பார்த்தார். "அத எதுக்கு சார்வாள் எழுதுதீங்க? நாளைக்கு கோர்ட்டுக்குப் போக வசதியாவா?"

"ஏம்வே, ஒம்ம கண்ணாடி கடையில கெடைக்கும். என் கை எந்தக் கடையில வே கெடைக்கும்?" என்றார் செல்லையா.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இரண்டு வரிகளையும் அடித்துவிட்டு, 'இருதரப்பிலும் சேதம்' என்று ஒரே வரியாக எழுதினேன்.

செல்லையா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மாவுக்கட்டோடு பேனா பிடிக்க முடியாது. இடது பெருவிரலை மையில் தோய்த்தார். "பத்தாங்கிளாஸ் பாஸான பய கைநாட்டு வைக்கேன் பாருங்க சார்வாள்."

அதன் பிறகு அங்கே சண்டை வரவில்லை. ஊரில் என்னைப் பாராட்டினார்கள்...

மணிக்கட்டு சரியாகக் கூடவில்லை. ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்ப முடியவில்லை. அதே மினி பஸ்ஸுக்கு, கீழே நின்று "சத்திரம், சத்திரம்" என்று ஆள் கூப்பிடும் வேலைக்கு வந்தார்.

எனக்குத் துண்டு போடுவதை மட்டும் விடவில்லை. இடது கையால் போடுவார்.

நான் ரிட்டயர் ஆன அன்று ஜன்னல் பக்கம் வந்து நின்றார். "சார்வாள், அன்னைக்கு அந்தப் பேப்பர்ல என் கைக்கு ஒரு வரி விட்டிருக்கலாம்லா?"

"ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்லா, செல்லையா" என்றேன்.

"ஆமா... சமந்தான்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தட்டினார். வண்டி கிளம்பிவிட்டது.

சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கிறார்கள். ஆட்டோக்காரர்கள் மாலையோடு வந்து நிற்கிறார்களாம். நான் சட்டையை மாட்டிக்கொண்டு, கிளம்பாமல், இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போய் வாருங்கள், செல்லையா.

மேலே மூன்றாவதாகப் போட்டது தவறு. நான் பொதுவாக நிற்கவில்லை. பயந்துபோய் ஒரு பக்கமாகத்தான் நின்றேன்.