சூரியன் போட்ட சவுக்காரம்

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் வீட்டில் சோற்றுக்குக்கூடச் சண்டை வந்ததில்லை. குளிக்க, துவைக்கப் போடுகிற சவுக்காரத்தை எப்படி விற்பது என்றுதான் சண்டை வந்தது.

குளுவாங்கில் ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். அப்பாவைச் சயாமில் ரயில் பாதை போடக் கூட்டிப்போய்விட்டார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடுவார் என்று சொல்லித்தான் வண்டி ஏற்றினார்கள். அம்மா அதை அன்றைக்கே நம்பவில்லை. அதற்குப் பிறகு அவள் எதையுமே நம்பவில்லை.

மிச்சம் இருந்தது நானும் அம்மாவும் சித்தப்பாவும். செம்பனை எண்ணெயை மண்ணெண்ணெய் டின்னில் காய்ச்சி, தேங்காய் மட்டைச் சாம்பலை ஊறவைத்து வடித்த காரத்தண்ணீரை ஊற்றி அம்மா கிண்டுவாள். சித்தப்பா யுத்தத்துக்கு முன்னால் ஒரு மருந்துக் கடையில் இருந்தவர். கூந்தல் தைலத்தைத் தபாலில் ஊர் ஊராக அனுப்புவது அவர் வேலை. அதே மாதிரி சவுக்காரத்தையும் விற்கலாம் என்றார். தோட்டத்து ஜனங்கள் கார்டு போட்டால் நாங்கள் ரயிலில் பார்சல் அனுப்புவோம். பதிலுக்கு அவர்கள் மரவள்ளிக் கிழங்கோ கருவாடோ அனுப்பினால் போதும்.

ஆனால் இப்படி ஒரு வியாபாரம் இருப்பது ஊருக்குத் தெரிய வேண்டுமே. அங்கேதான் இடித்தது. ஊருக்கு வேண்டிய ஆள் என்று பெயர் வந்துவிட்டால் தன்னைச் சயாமுக்குப் பிடித்துப்போகமாட்டார்கள் என்று சித்தப்பா நம்பினார். யாருக்கும் தெரியாத ஆளைத்தான் பிடிக்கமாட்டார்கள் என்று அம்மா நினைத்தாள். விளம்பரப் பேச்சு எங்கே தொடங்கினாலும் இதில்தான் வந்து முட்டும்.

"நோட்டீஸ் ஒட்டலாம் அண்ணி."

"அதுக்கு ஆபீசுல சீல் வாங்கணும். சீல் குத்துறவன், வீட்டுல ஆம்பள எத்தன பேருன்னு கேப்பான். என்ன சொல்வீங்க?"

"அப்ப பாசார்ல தமுக்கு அடிச்சுச் சொல்லலாம்."

"கூட்டம் கூடும். கூட்டுனது யாருன்னு பாப்பான்."

"சரி, தோட்டத்துக் கடைக்கெல்லாம் ஆளுக்கு ஒரு துண்டு ஓசியில அனுப்பலாம். தேய்ச்சுப் பாக்கட்டும்."

"ஓசியில குடுக்குற அளவுக்கு இவனுங்களுக்கு எண்ணெ எங்கேருந்து வருதுன்னு யோசிப்பான்."

"அலமாக்! அப்படீன்னா கொசுவுக்குத்தான் விக்கணும் அண்ணி."

கடைசியில் துண்டு அனுப்புவதற்கு மட்டும் அம்மா அரை மனதாகத் தலையாட்டினாள். பாலோ ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போன துண்டுகள் நன்றாகவே வேலை செய்தன. ஆனால் கடைக்காரர்கள் வேறு யாரோ காய்ச்சினதையும் எங்களுடையது என்று சொல்லி விற்க ஆரம்பித்தார்கள். அதனால் ஒரு அடையாளம் போட வேண்டியதாயிற்று.

முதலில் வேல் போடலாம் என்றார் சித்தப்பா.

"சாமியப் போட்டு எங்கெங்கயோ தேய்க்கிறதா? புத்தி இருக்கா தம்பி?"

அடுத்தது யானை. சித்தப்பா செதுக்கிய அச்சில் அது பன்றி மாதிரி விழுந்தது. கம்பத்து மலாய்க்காரர்கள் தொடமாட்டார்கள் என்று அந்த அச்சை அடுப்பில் போட்டாள் அம்மா.

பிறகு ஒருநாள் மருந்துப் புட்டியின் அடிப்பாகத்தைச் செங்கல் தூளில் தொட்டு, இறுகாத சவுக்காரத்தில் அழுத்தி எடுத்தார் சித்தப்பா. சிவப்பாக ஒரு வட்டம் விழுந்தது. ஊரெல்லாம் ஜப்பான்காரனுடைய கொடியில் பறந்துகொண்டிருந்த அதே சூரியன்.

"இதப் பாத்தா ஸ்டேஷன்ல எவனும் பார்சலப் பிரிக்கமாட்டான் அண்ணி. மரியாதையாத் தூக்கி வெப்பான்!"

அம்மா என்ன குற்றம் சொல்லப்போகிறாள் என்று நான் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அதைக் கையில் வைத்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லா அழுத்திப் போடுங்க தம்பி. வட்டம் தெரியணும்."

அவ்வளவுதான். சித்தப்பாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "என்ன அண்ணி, ஒண்ணும் சொல்லலையா?" என்று இரண்டு தரம் கேட்டார்.

அதற்குப் பிறகு கார்டுகள் வந்தன பாருங்கள்! எல்லாம் ஆண்பிள்ளைகளைச் சயாமுக்கு வாரிக்கொண்டுபோன தோட்டத்து லயங்களிலிருந்து. எழுதத் தெரியாத பெண்கள் கடைக்காரரைப் பிடித்து எழுதச் சொல்லியிருந்தார்கள். சூரியன் போட்டதுதான் வேண்டும் என்று எல்லாக் கார்டிலும் இருந்தது. சித்தப்பா கொஞ்ச நாள் தலை நிமிர்ந்து நடந்தார். அப்புறம் அவருக்கும் பயம் பிடித்துக்கொண்டது.

"கஞ்சிக்கு இல்லாத பொம்பளைங்க, இருக்குற கிழங்கக் குடுத்துட்டுச் சவுக்காரம் வாங்குறாங்க. எவனாவது நம்மள வேவு பாக்குறானா அண்ணி?"

ஊரையே சந்தேகப்படுகிற அம்மா அடுப்பைக் கிளறிக்கொண்டே சொன்னாள். "அழுக்கு இருக்கும் தம்பி."

ஒரு மத்தியானம் இடுப்பில் வாளோடு ஒரு அதிகாரி வந்தார். கூடவே தடித்த கண்ணாடி போட்ட தமிழர் ஒருவர், பேச்சை மாற்றிச் சொல்வதற்கு. கண்ணாடிக்காரர் கையில் எங்கள் சவுக்காரம் இருந்தது. சித்தப்பா வாசலிலேயே குனிந்து வணங்கினார்.

"தேய்ச்சா இந்தச் சூரியன் என்னாவும்னு துரை கேக்குறாரு."

சித்தப்பா நிமிரவே இல்லை. அம்மாதான் முன்னால் வந்தாள்.

"தேய்க்கிறதா? அய்யய்யோ, இத யாருங்க தேய்ப்பா? மாடத்துல வெச்சுல்ல கும்பிடுறாங்க."

"அப்ப எதப் போட்டுக் குளிக்கிறாங்க?"

"குளிக்கத் தண்ணி இருக்குங்களே."

கண்ணாடிக்காரர் அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவள் சொன்னதைவிட நீளமாக என்னவோ அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தார். அங்கேதான் துணி துவைக்கிற கல்.

கல்லின் மேல் சவுக்காரம் கிடந்தது. காலையில் என் பாவாடையை அலசிவிட்டு ஈரத்திலேயே போட்டு வந்தவள் நான். பாதி வட்டம் கரைந்து சிவப்பு வழிந்திருந்தது. எனக்கு வாளும் தெரியவில்லை, அதிகாரியும் தெரியவில்லை. சவுக்காரத்தை ஈரத்தில் விட்டால் அம்மா விறகுக் கட்டையை எடுத்துவிடுவாள். அது ஒன்றுதான் தெரிந்தது. ஓடிப்போய் அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"பேரு என்ன பாப்பா?" என்றார் கண்ணாடிக்காரர்.

தலையைக் குனிந்துகொண்டேன். புது மனிதர் முன்னால் எனக்கு வாய் வராது. இன்றைக்கும் அப்படித்தான்.

"ஊமையா?"

"வெக்கம்ங்க," என்றாள் அம்மா. அவள் குரல் எப்போதும் போல இல்லை.

பாவாடை நனைந்து கல்லிலிருந்து நீர் சொட்டியது. அதிகாரி அதைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார். "பயத்துல போயிடுச்சாம்," என்று கண்ணாடிக்காரரும் சிரித்தார். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. அவர்கள் தங்கள் மாடத்தில் வைக்க ஒரு சவுக்காரம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் எழுந்து, அடிக்காகத் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். அம்மா என்னைத் திருப்பிப் பார்த்தாள். பாவாடையின் பின்பக்கம் சிவப்பு வட்டமாக அப்பியிருந்தது. அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்து நானும் அழுதேன்.

மறுநாளே சித்தப்பா அச்சை மாற்றிப் பூப் போட்டார். கார்டுகள் நின்றுபோயின. "அதே எண்ணெ, அதே காரம். பூவ யாருக்குப் புடிக்காது?" என்று புலம்பினார். பாலோவிலிருந்து ரயிலேறி வந்த ஒரு பெண் பூச் சவுக்காரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். "அது இல்லையா அக்கா?" என்றாள். அம்மா விறகுக்கு அடியில் கையை விட்டு, சூரியன் போட்டது ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். கிழங்கு எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.

சித்தப்பாவைச் சயாமுக்குப் பிடித்துப்போகவில்லை. அப்பா திரும்பி வரவில்லை. சிவப்பு நிறம் ஜனங்களின் கண்ணை இழுத்ததால்தான் அந்தச் சவுக்காரம் விற்றது என்று சித்தப்பா கடைசிவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் வெகுகாலம் அப்படித்தான் நம்பினேன்.

விறகுக்கு அடியில் இருந்தவை தீரும்வரை அம்மா துவைக்கிறதை நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். துணுக்குச் சவுக்காரம் வீணானாலும் என்னை அடிக்கிறவள் அவள். ஆனால் புதிதாக ஒன்றை எடுத்தால் முதலில் துணியைத் தொடமாட்டாள். வெறும் கல்லில் தண்ணீரைத் தெளித்து, அந்த வட்டம் மறையும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு தேய்ப்பாள். பிறகுதான் துணியை நனைப்பாள்.

இவ்வளவு சவுக்காரம் வீணாகிறதே, என்னை மட்டும் அடிக்கிறாளே என்று எனக்கு ஆத்திரமாக வரும்.